மூன்றாவது பேட்டரியும் போய்விட்டதா? நாலாவது வாங்குமுன் மீட்டரை எடுங்கள்

வாகனப் பகுதி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேட்டரி பற்றியவை. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி (தக்கலை வாசகர்): அண்ணா, என்னுடையது செல்ஃப் உள்ள பழைய 350 சிசி புல்லட். கார்புரேட்டர் வண்டி. பாபர் (தேவையில்லாத பாகங்களைக் கழற்றிக் குறைத்த பாணி) மாதிரி மாற்றியிருக்கிறேன். பக்கத்து டூல் பாக்ஸை எடுத்துவிட்டு, 14 ஏ.எச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்குப் பதில் 5 ஏ.எச். பேட்டரியை ஸ்விங் ஆர்முக்கு மேலே தகரப் பெட்டியில் வைத்தார்கள். ஆர்.ஆர். யூனிட்டை (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். ஃபிரேம் முழுக்கக் கறுப்பு பவுடர் கோட்டிங். முன்னால் 40 வாட் எல்.இ.டி. ஃபாக் விளக்கு இரண்டு. 14 மாதத்தில் மூன்று பேட்டரி போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் "பேட்டரி சரியில்லை, வேறு போடலாம்" என்கிறார்கள். உண்மையில் எங்கே கோளாறு?

பதில்: மூன்று பேட்டரியும் அடுத்தடுத்து மோசமாக அமைவது மிக அபூர்வம். பேட்டரியைக் கொல்லும் ஏதோ ஒன்று வண்டியில்தான் இருக்கிறது. சார்ஜ் போதாமல் சாகும், சார்ஜ் கூடிப்போய்ச் சாகும், நிறுத்தி வைத்திருக்கும்போது கசிந்து சாகும், சூட்டிலும் அதிர்விலும் சாகும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வண்டியில் இந்த நான்குக்குமே இடம் இருக்கிறது. அதனால் ஊகம் வேண்டாம், அளந்து பார்ப்போம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

செத்த பேட்டரிகள் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், அவையே பாதிக் கதையைச் சொல்லும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் மூடிகளைத் திறந்து பாருங்கள். ஆறு அறையிலும் தண்ணீர் ஒரேயடியாக வற்றி, பெட்டி வீங்கியிருந்தால் சார்ஜ் கூடியிருக்கிறது. தண்ணீர் அளவாக நின்று, தகடுகள் வெளுத்துப் போயிருந்தால் சார்ஜ் போதவில்லை. சார்ஜ் ஏற்றிய பிறகும் மீட்டர் 10.5 வோல்ட்டிலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறும் சேர்ந்தால் 12.6. ஒன்று குறைந்தால் 10.5. ஒற்றை சிலிண்டர் வண்டியில் இது பெரும்பாலும் அதிர்வால் வருவது. தகட்டிலிருந்து உதிர்ந்த பொடி அடியில் சேர்ந்து தகடுகளை ஷார்ட் செய்துவிடும்.

இனி வண்டிக்கு வருவோம். பேட்டரியை வெளியே எடுத்து சார்ஜரில் முழுதாக ஏற்றி, ஓர் இரவு சும்மா விட்டுவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள். 12.6-க்கு மேல் நின்றால் நல்லது. மூடிய வகையான வி.ஆர்.எல்.ஏ. பேட்டரி 12.8-ஐத் தொடும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0-க்குக் கீழே இறங்கியதை அப்படியே போட்டு மற்ற சோதனைகளைச் செய்யாதீர்கள், எல்லா எண்ணும் பொய்யாக வரும்.

வண்டியில் மாட்டி, பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்து செல்ஃபை அழுத்துங்கள். இன்ஜின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. உங்கள் 5 ஏ.எச். பேட்டரி இங்கேயே தோற்கும். 350 சிசி இன்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் இழுப்பதை 100 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 ஏ.எச். பேட்டரிக்கு அது தன் கொள்ளளவில் ஏழு மடங்கு. 5 ஏ.எச்.சுக்கோ இருபது மடங்கு. காலையில் நாலு தடவை அழுத்தினாலே தகடு களைத்துவிடும். இடம் போதாவிட்டாலும், செல்ஃப் வண்டிக்கென்று வரும் 9 ஏ.எச். வி.ஆர்.எல்.ஏ.வுக்குக் குறையாமல் போடுங்கள். 5 ஏ.எச்.சே வேண்டும் என்றால் கிக்கர் மட்டும்தான், செல்ஃப் பட்டனை மறந்துவிடுங்கள்.

அடுத்தது சார்ஜிங். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் போட்டு, ஐடிலிங்கைவிட நன்றாக ரேஸ் கொடுத்து, பேட்டரி முனையில் டி.சி. வோல்ட் பாருங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 13-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. ரேஸ் கொடுக்கக் கொடுக்க 15-ஐத் தாண்டி ஏறினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்படுத்தவில்லை. அந்த நிலையில் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பேட்டரியோடு பல்புகளும் போகும்.

சார்ஜ் குறைவு என்றால் மேக்னட் காயிலிலிருந்து (இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்குவது) ஆர்.ஆர். யூனிட்டுக்கு வரும் வயர்களின் கப்ளரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர் இருக்கும், சிலவற்றில் இரண்டுதான். மீட்டரை ஓமில் வைத்து, ஒவ்வொரு வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே பாருங்கள். மூன்று வயர் உள்ள காயிலில் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால் காயில் எர்த் ஆகிவிட்டது, அதாவது இன்ஜின் உடம்போடு ஷார்ட் ஆகிவிட்டது. பிறகு வயருக்கு வயர் பாருங்கள்: ஒரு ஓமுக்குக் கீழே, ஜோடிக்கு ஜோடி ஒரே அளவு. மலிவு மீட்டரின் வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். முதலில் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, கப்ளர் கழன்ற நிலையிலேயே இன்ஜினை ஓட்டி, ஏ.சி. 200 வோல்ட்டில் வைத்து ஜோடி ஜோடியாக அளந்து பாருங்கள். எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ரேஸுக்குத் தக்க ஏறும். ஜோடிகளுக்குள் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பதுதான் முக்கியம். ஒன்றில் 45, இன்னொன்றில் 20 என்றால் காயில் உள்ளே எரிந்திருக்கிறது. ஓடும்போது அந்த முனைகளில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயில் நன்றாக இருந்தும் சார்ஜ் குறைந்தால், மாற்றிய வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை ஃபிரேமோடும் இன்ஜினோடும் சேர்க்கும் இணைப்பு. பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் மாதிரி, மின்சாரம் கடத்தாது. ஃபிரேமில் எர்த் வயரை முறுக்கிய போல்ட்டுக்கு அடியில் அந்தக் கறுப்புப் படலம் அப்படியே இருந்தால், போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும். சோதனை எளிது. மீட்டரை டி.சி. 2 வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ரேஸில், விளக்குகள் எரிய, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறு முனையை ஆர்.ஆர். யூனிட்டின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் தடை இருக்கிறது. அதேபோல பேட்டரி பாசிட்டிவுக்கும் ஆர்.ஆர். யூனிட்டின் பாசிட்டிவுக்கும் இடையே பாருங்கள். அங்கும் 0.2-தான் எல்லை. ஆர்.ஆர். யூனிட் 14.2 கொடுத்தும் வழியில் ஒரு வோல்ட் தொலைந்தால் பேட்டரிக்கு வருவது 13.2. அதில் அது ஒருநாளும் நிறையாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில ஆர்.ஆர். யூனிட்களில் பேட்டரியின் வோல்ட்டேஜைப் பார்க்க மட்டும் ஒரு தனி வயர் இருக்கும். அந்த வயரில் களிம்பு பிடித்தால், யூனிட்டுக்கு பேட்டரி குறைவாகத் தெரியும். உடனே கூட அனுப்பிப் பொங்க வைத்துவிடும். நல்ல ஆர்.ஆர். யூனிட்டைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கியவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான்.

எர்த்துக்கு மருந்து: பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் கேஸில் ஒரு போல்ட்டுக்கு நேராக 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அங்கிருந்து ஃபிரேமுக்கு இன்னொன்று. லக் (வயர் முனையில் அழுத்தும் உலோக வளையம்) உட்காரும் இடத்தில் படலத்தைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பு தெரிந்த பிறகு பல் வாஷர் போட்டு முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள்.

இனி விளக்குக் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப். ஹெட்லைட் 55, டெயில் 5, இக்னிஷன் சுமார் 30, ஃபாக் இரண்டும் சேர்த்து 80. மொத்தம் 170 வாட். 13.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12.6 ஆம்ப். ஐடிலிங்கில் மேக்னட் இதில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. மீதி 6 ஆம்ப் பேட்டரியிலிருந்து போகிறது. மாலையில் மார்த்தாண்டம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் 3 ஏ.எச். காலி, உங்கள் 5 ஏ.எச். பேட்டரியில் அது பாதிக்கு மேல். பிறகு தேசிய நெடுஞ்சாலையில் ஏறி விரட்டும்போது, காலியான அந்தச் சின்ன பேட்டரி ஒரேயடியாக 5, 6 ஆம்ப் வாங்கிச் சூடாகும். நாள்தோறும் இப்படி இறங்கி ஏறினால் ஐந்து மாதம் தாங்குவதே அதிகம். ஃபாக் விளக்கை 10 ஆம்ப் ஃபியூசோடு தனி ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொடுத்து, ரிலேயின் காயிலை ஹெட்லைட் லைனிலிருந்து ஒரு கை சுவிட்ச் வழியாக இயக்குங்கள். சாவியை எடுத்தால் தானாக அணையும். ஊருக்குள் அது எரியவே வேண்டாம், எதிரே வருகிறவரின் கண்ணுக்கும் நல்லது.

சாவியை எடுத்த பிறகும் கசிகிறதா என்று பார்க்கும் முறையைக் கீழே தேங்காய்ப்பட்டணம் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். அதையும் செய்யுங்கள். கசிவு தெரிந்தால் ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரையும் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றுவிட்டால் உள்ளே டயோட் போய்விட்டது.

கடைசியாக வைத்த இடம். சைலன்சர் பக்கம் தகரப் பெட்டி என்றால் அது அடுப்பு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். பெட்டிக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு தகட்டைக் காற்று புகும்படி மாட்டுங்கள். பெட்டியின் அடியிலும் நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் வைத்து, மேலே ரப்பர் பட்டையால் இறுக்குங்கள். உள்ளே கையால் அசைத்தால் அசையக்கூடாது. தண்ணீர் ஊற்றும் வகையைச் சாய்த்தோ படுக்கவோ வைக்காதீர்கள். ஆர்.ஆர். யூனிட்டையும் சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, முன்னால் காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். கூடுதலாக வரும் மின்சாரத்தை அது சூடாக்கித்தான் தீர்க்கிறது.

புதிய பேட்டரி வாங்கும்போது இன்னொன்று. ஆசிட் ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டித் தந்தால் வாங்காதீர்கள். ஆசிட் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பில் (9 ஏ.எச். என்றால் 0.9 ஆம்ப்) முழுதாக ஏற்றிய பிறகே மாட்ட வேண்டும். முதல் சார்ஜ் அரைகுறையானால் அந்தப் பேட்டரி தன் முழுக் கொள்ளளவை எட்டவே எட்டாது.

கேள்வி (குளச்சல் வாசகர்): வீடு கடப்புறத்தில். வண்டி நின்றிருக்கும்போது பேட்டரி 12.7 காட்டுகிறது. ஆனால் செல்ஃப் அழுத்தினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். புது பேட்டரி போட்டும் அதேதான். முனைகளில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருக்கிறது.

பதில்: உங்கள் பேட்டரியில் குறை இல்லை, உப்புக் காற்றின் வேலை இது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கடப்புறத்து வண்டியில் வயர்கள் முழுதாகக் காயவே நேரம் இருக்காது. சும்மா நிற்கும்போது 12.7 காட்டுவதற்கு ஒரு இழை செம்பு போதும். 100 ஆம்ப் போக வேண்டும் என்றால்தான் குட்டு வெளிப்படும்.

செல்ஃபை அழுத்தியபடியே பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் கேஸுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.5-க்கு மேல் வந்தால் எர்த் வயரை மாற்றுங்கள். அது சரியாக இருந்தால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து செல்ஃப் ரிலேயின் ஒரு முனை, மறு முனை, மோட்டார் என்று படிப்படியாக நகருங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் தாவுகிறதோ அங்கேதான் களிம்பு.

பூத்திருப்பதைக் கழுவ, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பச் சோடா கரைத்துப் பழைய பல்விளக்கும் பிரஷால் தேயுங்கள். பேட்டரி அறைக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து, முறுக்கிய பிறகு வாசலின். வயரின் மேலுறையை ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். உள்ளே இழைகள் கறுத்திருந்தால் உப்புத் தண்ணீர் உறைக்குள் ஏறிவிட்டது. செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டி, புது லக் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். கறுத்த இழையில் லக் வைத்தால் மூன்று மாதத்தில் மறுபடி இங்கேயே வந்து நிற்பீர்கள்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம் வாசகர்): ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப 40 நாள் ஆகும். வந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் 9 ஏ.எச். பேட்டரி செத்துக் கிடக்கும். ஜி.பி.எஸ். டிராக்கரும் அலாரமும் போட்டிருக்கிறேன். கசிவு 18 மில்லி ஆம்ப்தான், அது ஒன்றும் பெரிதில்லை என்கிறார் மெக்கானிக்.

பதில்: தினம் ஓட்டும் வண்டிக்கு அவர் சொல்வது சரி. 40 நாள் நிற்கும் வண்டிக்குச் சரியில்லை. 18 மில்லி ஆம்ப் 24 மணி நேரத்துக்கு 432 மில்லி ஆம்ப் மணி. 40 நாளுக்கு 17 ஏ.எச்.சுக்கு மேல். உங்களிடம் இருப்பதோ 9. இருபத்தொரு நாளில் துடைத்து எடுத்துவிடும். மீதி நாளெல்லாம் காலியாகக் கிடந்து தகட்டில் சல்ஃபேட் இறுகிவிடுகிறது. அதன்பின் சார்ஜ் பிடிக்காது.

அளக்கும் முறை: சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் துளையில் மாட்டுங்கள். எண் சிறியதாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்புக்கு மாறுங்கள். இடையில் சாவி போட்டாலோ செல்ஃப் அழுத்தினாலோ மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டிராக்கரும் அலாரமும் தூங்குநிலைக்குப் போகப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எதில் எண் விழுகிறதோ அதுதான் வழி. கூடுதல் சாதனம் எதுவும் இல்லாத வண்டியில் ஓரிரு மில்லி ஆம்புக்கு மேல் இருக்கக்கூடாது.

கடலுக்குப் போகுமுன் முழுதாக சார்ஜ் ஏற்றி, 10-ஆம் நம்பர் ஸ்பானரால் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். ஸ்பானர் ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காது. கழற்றினால் டிராக்கரும் நின்றுவிடும். உள்ளே தனி பேட்டரி உள்ள டிராக்கராக இருந்தாலும் சில நாள்தான் ஓடும். வண்டியை வீட்டுக்குள் ஏற்றிப் பூட்டுவதே வழி. வீட்டாரிடம் "வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வை" என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தை விடுங்கள். செல்ஃபில் போனது ஐடிலிங்கில் திரும்பி வராது, சைலன்சருக்குள் ஈரமும் சேரும்.

கேள்வி (குலசேகரம் வாசகர்): ரப்பர் பால் வெட்டுக்கு விடியுமுன் 2 கிலோமீட்டர் போய் வருவேன். ஓட்டம் அவ்வளவுதான். ஒரு வருடத்தில் பேட்டரி போய்விடுகிறது.

பதில்: செல்ஃப் மூன்று விநாடிக்கு 100 ஆம்ப் இழுத்தால் செலவு 0.08 ஏ.எச்.தான், அது பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அதைத் திரும்ப ஏற்ற ஒரு ஆம்ப் வீதம் ஐந்து நிமிடம் வேண்டும். மேட்டுப் பாதையில் மெதுவாக, ஹெட்லைட் எரிய ஓட்டும்போது அந்த ஒரு ஆம்ப் மிஞ்சுவதில்லை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் வழியில்லை. குளிர்ந்த இன்ஜினைக் கிக்கரில் எடுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜரில் ஓர் இரவு போடுங்கள். கார் சார்ஜர் வேண்டாம், அதன் 10 ஆம்ப் வண்டி பேட்டரியை வேகவைத்துவிடும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மழைத்தண்ணீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): கஃபே ரேசர் கட்டுகிறேன். எடை குறைய லித்தியம் பேட்டரி போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் சார்ஜிங்கை அளந்த பிறகுதான். வண்டிக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. ஓய்வில் 13.3 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.8 என்பது அதற்கு ஏறக்குறையக் காலி, லெட் ஆசிட் கணக்கில் படிக்காதீர்கள். ரேஸில் 14.6-ஐத் தாண்டும் வண்டியில் மாட்டினால் செல்கள் கெடும். எனவே பழைய ஆர்.ஆர். யூனிட்டோடு மாட்டாதீர்கள். உள்ளே பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் மின்னணுச் சுற்று) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லெட் ஆசிட்டின் சல்ஃபேட் நீக்கும் முறை உள்ள சார்ஜரில் போடக்கூடாது. குளிரில் லித்தியம் சோர்ந்துவிடும் என்பார்கள், நம் ஊரில் அந்தக் கவலை இல்லை. இங்கே பார்க்க வேண்டியது சூடு, சைலன்சரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். பேட்டரிப் பெட்டிக்காக ஃபிரேமை வெட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்டாமல் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. ஃபிரேமை வெட்டினால் உறுதியும் போகும்.